ஊர் வாடகையும் மாணவர் உதவித்தொகையும்

கம்மாபுரம் வட்டாரத்துப் பிள்ளைகளுள் பள்ளியிறுதி வகுப்பைக் கடந்து மேலே படிக்கச் செல்வோர் இரு வகையினர். விருத்தாசலத்துக் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கோ, அவ்வூர்ப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்துக்கோ செல்வோர் காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பிவிடலாம். சிதம்பரத்துக்கும், அதற்கப்பால் சென்னைக்கும் கோவைக்கும் செல்வோருக்கு அவ்வாறு இயலாது. இவர்களுக்குக் கல்விக் கட்டணம் பற்றிய கேள்விக்கு முன்பே எழுவது, இரவில் எங்கே தங்குவது என்னும் கேள்வியாகும். நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளையும் பட்டங்களையும் பற்றி விரிவாக எழுதுகின்றனர். வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு அரசு எவ்வளவு தொகை தந்தது, அத்தொகையை எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்தது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விச் சங்கத்தின் மலரில் அதனை ஆராய்வது பொருத்தமென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தென்னார்க்காட்டு மாவட்டம் 1993ஆம் ஆண்டு வரை ஒரே மாவட்டமாக இருந்ததை நாம் அறிவோம். அம்மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர் சுவாமி சகஜானந்தர். 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அவர் நிறுவிய நந்தனார் பள்ளி, பாடம் சொல்லித் தந்ததோடு நில்லாது, பிள்ளைகள் தங்குவதற்கு இடமும் உண்பதற்குச் சோறும் தந்தது. இதனை வெறும் அறச்செயல் என்று மட்டும் கொள்வது குறைவுடைய பார்வை. அந்நாளில் சிதம்பரம் நகரில் நம் பிள்ளை ஒருவன் கையில் பணம் வைத்துக்கொண்டு வாடகைக்கு அறை கேட்டாலும் எந்தத் தெருவில் கிடைத்திருக்கும்? கிடைக்காது என்பதை அறிந்தவர் சுவாமிகள். ஆகவே பணம் தருவதை விட்டு இடத்தையே தந்தார். 1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோர் நலனைத் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்த பின், அத்துறை சார்பில் நடைபெற்ற மாணவர் விடுதிகளுக்கும் இதுவே அடிப்படை.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றபோது நிகழ்ந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவிலும் இலண்டனிலும் உயர்கல்வி பயின்று திரும்பியவர், ஊதியம் உண்டு, வாடகை கொடுக்க வழி உண்டு. ஆயினும் நகரில் வீடு இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் அளவில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. இந்து நண்பர் ஒருவரும் கிறித்தவ நண்பர் ஒருவரும் தத்தம் வீட்டில் இடம் தர இயலாமைக்குக் காரணம் கூறினர். பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். ஒன்றரை ரூபாய் என்ற விலை அவருக்கு ஒரு தடையே அன்று. இந்நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே கூறப்போகும் எண்கள் யாவற்றையும் இதன் அருகில் வைத்தே பார்த்தல் வேண்டும்.

அதே அண்ணல் 1942 அக்டோபரில் வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் அளித்த விண்ணப்பத்தில் தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசு பொருளுதவி செய்ய வேண்டுமென வற்புறுத்தினார். பள்ளியிறுதிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கிற்று. இன்று வரை நம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் கல்லூரி வாயிலை மிதிப்பது இதன் துணையால்தான்.

இத்திட்டத்தில் கட்டணம் வேறு, பராமரிப்புத் தொகை வேறு. பராமரிப்புத் தொகை விடுதியில் தங்குவோருக்கு ஒரு விகிதமும் வீட்டிலிருந்து சென்று வருவோருக்கு மற்றொரு விகிதமும் ஆகும். படிப்புகள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. மருத்துவம், பொறியியல் போன்றவை முதற் பிரிவு. கலை, அறிவியல் பட்டப் படிப்புகள் மூன்றாம் பிரிவு. மேல்நிலைப் பள்ளி வகுப்புகளும் தொழிற்பயிற்சியும் நான்காம் பிரிவு. ஆக, மாணவன் எதைப் படிக்கிறான் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். எங்கே படிக்கிறான் என்பதைப் பொறுத்து மாறாது. மருத்துவ மாணவனுக்குப் பசியும் படுக்கையும் கலைக் கல்லூரி மாணவனைக் காட்டிலும் இரு மடங்கு செலவு பிடிப்பவை என்று எந்தக் கணக்காளர் கண்டறிந்தாரோ நமக்குத் தெரியாது!

2010இல் வகுக்கப்பட்ட விகிதப்படி, விடுதி மாணவருக்கு முதற் பிரிவில் மாதம் 1,200 ரூபாய்; மூன்றாம் பிரிவில் 570; நான்காம் பிரிவில் 380. இவ்விகிதம் பத்தாண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. 2021இல் மாதக் கணக்கை விடுத்து ஆண்டுக் கணக்காக மாற்றியபோது முதற் பிரிவுக்கு 13,500 ரூபாயும், மூன்றாம் பிரிவுக்கு 6,000 ரூபாயும், நான்காம் பிரிவுக்கு 4,000 ரூபாயும் என்றாயிற்று. கல்வியாண்டைப் பத்து மாதம் என்று கொண்டால், பழைய மூன்றாம் பிரிவுத் தொகை ஆண்டுக்கு 5,700 ரூபாய். அதாவது, கலைக் கல்லூரி விடுதி மாணவனுக்குப் பதினோர் ஆண்டுக் காலத்தில் கூடியது 300 ரூபாய். இக்காலத்தில் அரிசியும் அறை வாடகையும் எவ்வளவு ஏறின என்பதை நம் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்திட்ட விதிகளில் பலர் கண்ணிற்படாத ஓர் இடம் உண்டு. கல்லூரி விடுதியில் இடம் இல்லாதபோது, கல்லூரித் தலைவர் ஏற்கும் வேறு தங்குமிடத்தையும் விடுதியாகக் கொள்ளலாம் என்பதும், குறைந்தது ஐந்து மாணவர் ஒன்றாகத் தங்கிப் பொதுவாகச் சமைத்து உண்பாராயின் அதனையும் அவ்வாறே கருதலாம் என்பதும் அதன் கருத்து. விதியை எழுதியோர் வாடகை வீட்டை அறிந்தே இருந்தனர். ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு பிடிப்பர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வீட்டின் வாடகை எந்த ஊரில் எவ்வளவு என்ற கேள்வியை மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

அரசுக்கு வாடகையை அளக்கத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டா. வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் இடையே எழுந்த வழக்குகளைத் தீர்க்க, 1949ஆம் ஆண்டுச் சென்னை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ‘நியாய வாடகை’ என ஒன்றை வகுத்தது. 1940 ஏப்ரல் முதல் நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் அதே வட்டாரத்தில் அதனையொத்த கட்டடத்துக்கு நிலவிய வாடகையே அதன் அடிப்படை. வட்டாரம் என்னும் கருத்து அப்போதே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்பது நாம் கவனிக்கத்தக்கது. குறை காலத்தில் இருந்தது: போர்க்காலத்துக்கு முந்திய வாடகை, விடுதலை பெற்ற நாட்டின் வாடகைக்கு அளவுகோலாயிற்று. பின்னர் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1973இல் செய்யப்பட்ட திருத்தம், மனையின் சந்தை மதிப்பையும் கட்டுமானச் செலவையும் கூட்டி, குடியிருப்புக்கு அதில் நூற்றுக்கு 9 விழுக்காடு ஆண்டு வாடகை என்று வேறு வழியை மேற்கொண்டது. இச்சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரு தரப்பினரும் எழுத்தில் ஒப்புக்கொண்டதே வாடகை; அவ்வொப்பந்தம் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படல் வேண்டும்.

தன் ஊழியர்க்கு வீட்டு வாடகைப்படி தரும்போதும் அரசு ஊரைப் பார்க்கவே செய்கிறது. மத்திய அரசு நகரங்களை மூன்று வகுப்பாகப் பிரித்துள்ளது. 50 இலட்சம் மக்கள் தொகைக்கு மேற்பட்டவை முதல் வகுப்பு. 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை இரண்டாம் வகுப்பு. அதற்குக் குறைந்தவை மூன்றாம் வகுப்பு. 2017இல் அடிப்படை ஊதியத்தில் முறையே 24, 16, 8 விழுக்காடாக இருந்த படி, 2024 ஜனவரி முதல் 30, 20, 10 என உயர்ந்தது. 40,000 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறும் அஞ்சல் ஊழியருக்குச் சென்னையில் 12,000 ரூபாய். விருத்தாசலத்தில் 4,000 ரூபாய். அகவிலைப்படி ஏற ஏற இப்படியும் ஏறுமாறு விதி செய்யப்பட்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். ஊழியனின் வாடகை விலைவாசியோடு நடந்தது; மாணவனின் தொகை 2010இல் உட்கார்ந்தது, 2021இல்தான் எழுந்தது.

மாணவரின் தங்குமிடச் செலவுக்கு ஊரை அளவாகக் கொள்ளும் முறையை நம் மக்களுக்கென்று வெளிப்படையாக ஏற்ற திட்டங்களுள் குறிப்பிடத்தக்கது மராட்டியத்தில் உள்ளது. அம்மாநில அரசு 2016–17ஆம் ஆண்டில் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் ‘சுவாதார்’ திட்டத்தைத் தொடங்கிற்று. அரசு விடுதிக்குத் தகுதி இருந்தும் இடம் கிடைக்காத பட்டியல் இனத்து மாணவருக்கும், பௌத்தம் தழுவிய மாணவருக்கும் உணவு, தங்குமிடம், இதர செலவு என மூன்று தலைப்புகளில் வங்கிக் கணக்கில் நேரே பணம் செலுத்துவது இத்திட்டம். தொடங்கியபோது வகுத்த அட்டவணைப்படி, மும்பை, நவிமும்பை, தானே, புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட், நாகபுரி ஆகிய நகரங்களில் ஆண்டுக்கு உணவுக்கு 32,000, தங்குமிடத்துக்கு 20,000, இதர செலவுக்கு 8,000, ஆக 60,000 ரூபாய். ஏனைய மாநகராட்சிகளில் தங்குமிடத்துக்கு 15,000 ரூபாய், மொத்தம் 51,000. பிற இடங்களில் தங்குமிடத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 43,000.

இத்திட்டத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆறாயிரம் ரூபாயில் உண்டு உறங்கிப் பட்டம் பெறச் சொல்லும் அட்டவணையின் அருகில் இதனை வைத்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். தங்குமிடத்துக்கு ஒரு விலை உண்டு, அவ்விலை ஊருக்கு ஊர் வேறுபடும் என்று ஓர் அரசு நம் மாணவர் பொருட்டு ஒப்புக்கொண்டதே வரலாற்றில் ஒரு படி முன்னேற்றம். ஆயினும் அட்டவணையைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். மும்பையின் எந்தப் பகுதியானாலும் 20,000 ரூபாய்தான். மும்பைக்கும் நாகபுரிக்கும் அதே தொகைதான். மாதத்துக்குப் பிரித்தால் 1,666 ரூபாய். மும்பையில் இத்தொகைக்கு ஓர் அறை அன்று, அறையில் ஒரு மூலை கிடைப்பதே அரிது. நாகபுரியிலோ பலரோடு பகிர்ந்துகொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரே எண் ஓரிடத்தில் கதவைத் திறக்கிறது, மற்றோரிடத்தில் அதே கதவைச் சாத்துகிறது.

அமெரிக்காவில் இவ்வினா அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. 1974ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் வழியே தோன்றிய ‘எட்டாம் பிரிவு’ உதவித் திட்டத்தில், ஏழைக் குடும்பம் தன் வருவாயில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகத் தர, எஞ்சியதை அரசு வீட்டு உரிமையாளருக்குச் செலுத்துகிறது. அக்குடும்பத்தின் கையில் உள்ள சீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. அவ்வரம்பு, அந்த வட்டாரத்தின் ‘நியாயச் சந்தை வாடகை’யை ஒட்டி வகுக்கப்படுகிறது. வட்டாரத்தில் வாடகைக்கு விடப்படும் 100 வீடுகளை வாடகை குறைந்ததிலிருந்து வரிசையாக நிறுத்தினால், 40ஆவது வீட்டின் வாடகை எதுவோ அதுவே பொதுவாக அந்த அளவு. முன்னர் 50ஆவதாக இருந்தது, 45 ஆகி, 1995இல் 40 ஆயிற்று. வரிசையில் ஐந்து வீடு பின்னே நகர்வது தாளில் சிறிய மாற்றம். அதனால் சீட்டுக்கு எட்டாமற் போகும் வீடுகள் ஆயிரக்கணக்கானவை.

அதனினும் பெரிய சிக்கல் ‘வட்டாரம்’ என்னும் சொல்லில் இருந்தது. ஒரு மாநகரும் அதன் புறநகர்களும் சேர்ந்து ஒரே வட்டாரமாகக் கொள்ளப்பட்டன; வாடகை மிகுந்த பகுதிக்கும் குறைந்த பகுதிக்கும் அளவு ஒன்றே. டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் இதன் விளைவு வெட்டவெளிச்சமாயிற்று. நல்ல பள்ளிகள் உள்ள வெள்ளையர் புறநகரில் சீட்டு செல்லுபடியாகவில்லை. வறுமை மிக்க கருப்பினத்தவர் பகுதியில்தான் அதற்கு வீடு கிடைத்தது. சட்டம் எவரையும் இனத்தால் பிரிக்கவில்லை; சராசரி பிரித்தது. அங்கே ஓர் அமைப்பு 2007இல் வழக்குத் தொடுத்தது. சமரசத்தின் பின் 2011 முதல் டல்லஸில் அஞ்சல் குறியீட்டு எண் வாரியாகத் தனித்தனி அளவு வகுக்கப்பட்டது. 2016இல் இம்முறை விதியாக்கப்பட்டு மேலும் பல மாநகரங்களுக்கு விரிந்தது. வட்டாரம் முழுவதற்கும் தொகையை உயர்த்தியபோது அதன் பெரும்பகுதி வாடகை உயர்வாக உரிமையாளருக்கே போயிற்று என்றும், அஞ்சல் எண் வாரியாக அமைத்தபோது குடும்பங்கள் மேம்பட்ட பகுதிகளுக்குப் பெயர்ந்தன என்றும் காலின்சன், கனோங் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர். உதவியைக் கூட்டினாலே போதும் என்று மேடையில் முழங்குவோர் இவ்வாய்வை ஒருமுறை படிப்பது நலம்.

பிரிட்டனின் கதையைச் சுருங்கச் சொல்லலாம். அங்கே வாடகை உதவியின் வரம்பு 2011இல் வட்டார வாடகை வரிசையின் நடுவிலிருந்து 30ஆம் இடத்துக்கு இறக்கப்பட்டது. 2016 முதல் நான்காண்டு அப்படியே உறைய வைக்கப்பட்டது. வாடகை ஏற, வரம்பு நிற்க, இடைவெளியை ஏழைகள் தம் உணவுச் செலவிலிருந்து நிரப்பினர்.

இவற்றை நம் மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். தமிழகத்திலும் சுவாதார் போன்ற திட்டம் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே எழுவது இயல்பு. எழுந்தால், ஊர்களை எவ்வாறு வகுப்பது என்பதே முதற் கேள்வி. மக்கள் தொகையை மட்டும் கொண்டு வகுத்தால் சிதம்பரமும் விருத்தாசலமும் நெய்வேலியும் கடைசி வகுப்பில் ஒன்றாக விழும். ஆனால் மாணவர் அறை வாடகையை ஊரின் தலைக்கணக்கு தீர்மானிப்பதில்லை, கல்லூரிகளே தீர்மானிக்கின்றன. பல்கலைக்கழகம் அமைந்த சிற்றூரில் அறைக்குப் போட்டி மிகுதி. சுரங்கமும் அனல் மின் நிலையமும் உள்ள நெய்வேலியைச் சுற்றி ஒப்பந்தத் தொழிலாளர்களும் அறை தேடுகின்றனர். ஆகையால் கல்லூரி அமைந்துள்ள பகுதியின் வாடகையே அளவாக வேண்டும். அதற்கான செய்தி எங்கே கிடைக்கும் என்று கேட்பின், 2019 முதல் பதிவாகும் வாடகை ஒப்பந்தங்கள் அரசிடமே உள்ளன. பதிவு முழுமையானதன்று என்பது மெய்யே. இருப்பினும் தலைநகரில் இருந்து ஊகித்து எழுதும் எண்ணைவிட அது நம்பத்தக்கது.

அளவு தாழ்ந்தால் என்ன நிகழும்? டல்லஸில் நிகழ்ந்ததே இங்கும் நிகழும். தொகை கல்லூரிப் பகுதிக்கு எட்டாவிடின், மாணவன் நகரின் ஓரத்துச் சேரியில் உறவினர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போவான். கடலூர் மாவட்டத்து ஊர்களில் ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலையை மாற்றுவதற்கென்று வந்த கல்வியே, படிக்கும் காலத்தில் அவனை மீண்டும் அப்பிரிவின் ஒரு பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும்.

அளவு சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? பரோடாவை மறக்க வேண்டாமென்று முன்னரே சொன்னோம். சுகதேவ் தோரட்டும் அவருடன் ஆய்ந்தோரும் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோரை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. தொலைபேசியில் வீடு கேட்ட உயர்சாதி இந்துக்கள் அனைவருக்கும் இசைவான விடை கிடைத்தது. தலித்துகளுள் நூற்றுக்கு 59 பேருக்கே அவ்வாறு கிடைத்தது. 18 பேருக்கு மறுப்பு. எஞ்சியோருக்குச் சமமற்ற நிபந்தனைகள். முஸ்லிம்களின் நிலை இதனினும் மோசம். நூற்றுக்கு 33 பேருக்கே இசைவு. எனவே சந்தை வாடகை என்று நாம் கூறும் எண், எல்லாருக்கும் திறந்த சந்தையின் எண் அன்று. நூறு வீட்டில் நாற்பதாவது வீடு எனக் கணக்கிடுகிறோம். அந்நூறில் நமக்குத் திறப்பவை எத்தனை என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

இக்காரணத்தால், விடுதிகளைக் குறைத்துக்கொண்டு பணமாகத் தந்துவிடலாம் என்னும் வாதத்தை நாம் ஏற்கவில்லை. மராட்டியத் திட்டமும் விடுதியில் இடம் கிடைக்காதோருக்கே அன்றி விடுதிக்கு மாற்றாக எழுந்ததன்று. தமிழக அரசு 2023இல் விடுதி உணவுப்படியைப் பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவருக்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தியது. 2025 ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் ‘சமூக நீதி விடுதி’ என்று பொதுப்பெயர் சூட்டியது. பெயர்ப் பலகையில் சாதி ஒழிந்தது நன்றே. கல்லூரி மாணவனின் உணவுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் என்பதையும் அப்பலகையின் கீழ் நின்று எண்ணிப் பார்க்கலாம். விடுதி இருக்குமிடத்தில் விடுதி. நிறைந்துவிட்ட இடத்தில், அவ்விடத்து வாடகையை அளந்து தரும் பணம் என இரண்டும் வேண்டும்.

இறுதியாக ஒரு சிறு கணக்கு. மராட்டிய அட்டவணையின் கடைசி வகுப்பில் தங்குமிடத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் 1,000 ரூபாய். இத்தொகையே நம் விருத்தாசலத்திலோ சிதம்பரத்திலோ வகுக்கப்பட்டதாகக் கொள்வோம். தமிழ்நாட்டு 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்க இடந்தருகிறது. முதல் மாத வாடகையும் முன்பணமும் சேர்ந்து, பெட்டியோடு வந்து நிற்கும் அன்றே 4,000 ரூபாய் வேண்டும். உதவித்தொகையோ சேர்க்கைச் சான்றும் வருகைச் சான்றும் சரிபார்க்கப்பட்ட பின்னரே கணக்குக்கு வரும். உணவு, தங்குமிடம், இதர செலவு என்னும் மூன்று தலைப்புகளுள் முன்பணத்துக்கென ஒரு தலைப்பு இல்லை.